எல்லாரும் ஆடும் ஆட்டம்

நுழையும்முன்

விளையாட்டு உடலுக்கு வலிமையும் உள்ளத்திற்கு மகிழ்ச்சியும் தருவது. ஆயினும், ஆடுகளத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் கிடைத்துவிடுவதில்லை. அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளும் பிற குழந்தைகளும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவது எவ்வாறு, அதற்கேற்ப ஆட்டத்தை எவ்வாறு அமைப்பது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒப்புக்கு ஓர் இடம்

பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை தொடங்குகிறது. அணித்தலைவர் இருவர் எதிரெதிரே நின்று தத்தம் அணிக்கு ஆள் எடுக்கின்றனர். வேகமாக ஓடுபவன் முதலில் அழைக்கப்படுகிறான். குறி தவறாமல் எறிபவள் அடுத்து அழைக்கப்படுகிறாள். வரிசை குறைந்துகொண்டே வருகிறது. இறுதியில் ஒரு சிறுவன் மட்டும் தனித்து நிற்கிறான். பிறர் ஒருமுறை கேட்டுப் புரிந்துகொள்வதை, அவன் நான்கு முறை கேட்டுப் புரிந்துகொள்பவன். தலைவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். "நீ அங்கே உட்கார்ந்து புள்ளிக்கணக்கைப் பார்த்துக்கொள்" என்று அவனிடம் கூறப்படுகிறது. அவனும் தலையசைத்துவிட்டு மைதானத்தின் ஓரத்திற்குச் செல்கிறான்.

இரக்கமுள்ள பிள்ளைகள் சிலர் அவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதும் உண்டு. அப்பொழுது அவனுக்குக் கிடைக்கும் இடத்திற்குத் தமிழ்ச் சிறுவர் விளையாட்டில் ஒரு பழைய பெயர் இருக்கிறது. 'ஒப்புக்குச் சப்பாணி' என்பதே அப்பெயர். பெரிய பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் சேரவேண்டுமென்று சிறு குழந்தை அடம்பிடிக்கும்போது, அதன் அழுகையை நிறுத்துவதற்காக இவ்விடத்தைக் கொடுப்பர். அக்குழந்தை ஓடலாம், ஒளியலாம், எல்லாரோடும் சேர்ந்து கூச்சலிடலாம். ஆனால் பிடிபட்டாலும் அதற்கு 'அவுட்' கிடையாது. அது பிறரைத் தொட்டாலும் கணக்கில் சேராது. சப்பாணி என்பது கால் முடங்கியவரைக் குறித்த சொல். உடற்குறை உடையவர் ஆட்டத்தில் இருந்தும் இல்லாதவரே என்னும் பழைய எண்ணம், விளையாட்டாகச் சொல்லப்படும் இத்தொடரிலேயே பதிந்து கிடக்கிறது.

ஆட்டத்தில் ஒருவருடைய செயல் வெற்றி தோல்வியை மாற்ற வேண்டும். அவர் தவறினால் ஆட்டமிழக்கவும் வேண்டும். அப்பொழுதுதான் அவர் உண்மையில் ஆடுகிறார் என்று பொருள். ஒரு குழந்தையை ஆட்டத்தில் சேர்த்தல் என்பது, அதற்கு வெல்லும் வாய்ப்போடு தோற்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.

அறிவுசார் குறைபாடு என்பது யாது?

புதியவற்றைக் கற்றல், காரண காரியத்தை ஆராய்தல், சிக்கலைத் தீர்த்தல் ஆகிய அறிவுச் செயல்களிலும், பிறரோடு பழகுதல், பணத்தைக் கையாளுதல், தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளுதல் ஆகிய அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் குறிப்பிடத்தக்க தடை இருப்பதையே அறிவுசார் குறைபாடு என்பர். இது வளரும் பருவத்திலேயே தோன்றுவது. மனநோயும் இதுவும் ஒன்றல்ல. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் அன்று. பிறவியிலேயே மரபணு அமைப்பில் ஏற்படும் மாற்றம், பிறக்கும்போது மூளைக்கு உயிர்வளி குறைதல், குழந்தைப் பருவத்தில் மூளையைத் தாக்கும் நோய் எனப் பல காரணங்களால் இது ஏற்படுகிறது. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைவதால் ஏற்படும் டவுன் நோய்க்குறி இவற்றுள் பலரும் அறிந்தது.

இக்குறைபாட்டின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் பேருந்தில் தனியே சென்று வருவார். மற்றொருவருக்கு உடை உடுத்துவதற்கும் துணை வேண்டியிருக்கும். ஆகவே, 'இவர்களால் இது முடியும், இது முடியாது' என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். அவர்களுள் அறிவுசார் குறைபாடுடையோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர்.

விளையாட்டும் ஓர் உரிமை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006-ஆம் ஆண்டு நிறைவேறியது. அதனை இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்டது. விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் மாற்றுத்திறனுடைய குழந்தைகள் பிற குழந்தைகளுக்கு இணையாகப் பங்கேற்க வழிசெய்தல் வேண்டும் என்றும், பள்ளிக்குள் நடைபெறும் விளையாட்டும் அதில் அடங்கும் என்றும் அவ்வுடன்படிக்கை கூறுகிறது.

அதனைப் பின்பற்றி இந்திய நாடாளுமன்றம் 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. அரசின் நிதியுதவி அல்லது ஒப்புதல் பெற்ற கல்வி நிலையங்கள் மாற்றுத்திறனுடைய குழந்தைகளை வேறுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, கல்வியையும் விளையாட்டு வாய்ப்பையும் பிறருக்கு இணையாக வழங்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஆகவே, மைதானத்தின் ஓரத்தில் அமர்த்தப்படும் குழந்தை இழப்பது ஒரு பொழுதுபோக்கை மட்டுமன்று. சட்டம் தந்த உரிமையையும் இழக்கிறது.

ஒரு வீட்டுத் தோட்டத்திலிருந்து

அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கென்னடிக்கு ரோஸ்மேரி என்றொரு தங்கை இருந்தார். அவர் அறிவுசார் குறைபாடுடையவர். அவர்களுடைய மற்றொரு தங்கையான யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், ரோஸ்மேரியோடு சேர்ந்து நீந்தியும் படகோட்டியும் வளர்ந்தவர். அக்காலத்தில் இத்தகைய குழந்தைகளைப் பிறர் கண்ணில் படாமல் வீட்டிற்குள்ளோ காப்பகங்களிலோ வைத்திருப்பதே வழக்கமாக இருந்தது. 1962-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், மேரிலாந்து மாநிலத்தில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தில் அக்குழந்தைகளுக்காக யூனிஸ் ஒரு விளையாட்டு முகாமைத் தொடங்கினார். மாணவர் பலர் துணைவர்களாக வந்து அவர்களோடு ஆடினர், நீந்தினர்.

அம்முகாமே பின்னாளில் பேரியக்கமாக வளர்ந்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று, சிகாகோ நகரின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் முதலாவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடைபெற்றன. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 1,000 பேர் அவற்றில் கலந்துகொண்டனர். இந்தியாவில் இப்பணியை மேற்கொண்டுள்ள ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்னும் அமைப்பு 2001-இல் அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடைபெற்ற உலகப் போட்டிகளில் இந்திய அணியினர் 76 தங்கம், 75 வெள்ளி, 51 வெண்கலம் என 202 பதக்கங்களை வென்றனர்.

இவ்வியக்கம் அறிவுசார் குறைபாடுடையோருக்கு ஆடுகளத்தைத் திறந்துவிட்டது. எனினும், அவர்கள் தங்களுக்குள் மட்டுமே ஆடினர். பிற குழந்தைகள் பார்வையாளராகவோ உதவியாளராகவோ இருந்தனர். இரு சாராரும் ஓரணியில் ஆடினால் என்ன என்னும் எண்ணத்தின் விளைவாக, 1980-களில் 'ஒருங்கிணைந்த விளையாட்டு' என்னும் முறை உருவாயிற்று.

ஒருங்கிணைந்த விளையாட்டு

இம்முறையில் அறிவுசார் குறைபாடுடையவரை 'வீரர்' என்றும், குறைபாடு இல்லாதவரை 'இணைவீரர்' என்றும் அழைப்பர். இருவரும் ஒரே சீருடை அணிந்து ஒரே அணியில் ஆடுவர். போட்டிக்குரிய கூடைப்பந்தில் களத்தில் நிற்கும் ஐவருள் மூவர் வீரர்; இருவர் இணைவீரர். எழுவர் ஆடும் கால்பந்தில் நால்வர் வீரர், மூவர் இணைவீரர். கைப்பந்தில் அறுவருள் மூவர் வீரர், மூவர் இணைவீரர். எந்த ஆட்டத்திலும் இணைவீரரின் எண்ணிக்கை வீரரின் எண்ணிக்கையை விஞ்சுவதில்லை. அவ்வாறு விஞ்சினால் ஆட்டம் முழுவதும் இணைவீரரின் கைக்கே சென்றுவிடும் அன்றோ?

வயதிலும் திறனிலும் ஓரளவு ஒத்தவர்களையே ஓரணியில் சேர்ப்பது இம்முறையின் மற்றொரு நெறி. பத்து வயதுச் சிறுமியோடு கல்லூரி மாணவர் சேர்ந்து ஆடினால், அவர் தோழராக இல்லாமல் பயிற்சியாளராக மாறிவிடுவார். போட்டியிடும் அணிகளும் வலிமையில் ஒத்திருத்தல் வேண்டும். யார் வெல்வார் என்பது இறுதிவரை தெரியாமல் இருந்தால்தான் ஆட்டத்தில் சுவை உண்டு.

ஒருங்கிணைந்த விளையாட்டு மூன்று வகைப்படும். முறையான பயிற்சி பெற்று, ஒத்த திறனுடையோர் போட்டியிடுவது ஒரு வகை. திறன் மிக்க இணைவீரர், வீரரின் திறனை வளர்க்கும் நோக்கில் உடன் ஆடுவது மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் வரையறுக்கப்பட்ட விதிகள் உண்டு. மூன்றாவது வகை பொழுதுபோக்கு விளையாட்டு. இதற்குக் கட்டாயப் பயிற்சியோ போட்டி அட்டவணையோ தேவையில்லை. மகிழ்ச்சியும் நட்புமே இதன் நோக்கம். பள்ளியின் விளையாட்டுப் பாடவேளைக்கும் மாலைநேர மைதானத்திற்கும் ஏற்றது இவ்வகையே.

ஆட்டத்தை மாற்றி அமைத்தல்

ஆட்டத்திற்கேற்பக் குழந்தையை மாற்ற முயல்வதைவிடக் குழந்தைக்கேற்ப ஆட்டத்தை மாற்றுவது எளிது. இடம், செயல், கருவி, ஆட்கள் என்னும் நான்கையும் மாற்றிப் பார்த்தால் பெரும்பாலான ஆட்டங்கள் எல்லாருக்கும் உரியனவாகிவிடும்.

முதலாவது, இடம். ஏழு கற்களை அடுக்கிப் பந்தால் எறிந்து கலைக்கும் ஆட்டத்தில், எறியும் கோடு ஒன்றே என்பது பழைய விதி. அதற்குப் பதிலாகச் சேய்மையில் ஒன்றும், நடுவில் ஒன்றும், அண்மையில் ஒன்றுமாக மூன்று கோடுகள் வரையலாம். எந்தக் கோட்டிலிருந்து எறிவது என்பதை எறிபவரே முடிவு செய்யலாம். சேய்மைக் கோட்டிலிருந்து அடுக்கைக் கலைத்தால் கூடுதல் புள்ளி என்று வைத்துவிட்டால், வல்லவருக்கும் அதில் அறைகூவல் இருக்கும்.

இரண்டாவது, செயல். கைப்பந்தில் பந்து தரையைத் தொட்டால் எதிரணிக்குப் புள்ளி. இவ்விதியைச் சற்றுத் தளர்த்தி, பந்து ஒருமுறை தரையில் பட்டெழுந்த பின்னும் அடிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், பந்து வரும் திசையை அறிந்து கையை உயர்த்துவதற்கு நேரம் கிடைக்கும். இச்சலுகை இரண்டு அணியில் உள்ள அனைவருக்கும் பொதுவாக இருத்தல் நலம். ஒருவருக்கு மட்டும் என்றால் அது அவரைச் சுட்டிக்காட்டுவதாக ஆகிவிடும்.

மூன்றாவது, கருவி. கனமான பந்திற்குப் பதிலாகக் காற்றடைத்த இலேசான பெரிய பந்தைப் பயன்படுத்தலாம். அது மெல்ல வரும், பட்டாலும் வலிக்காது. கூடைப்பந்தின் வளையத்தைத் தாழ்த்தலாம். மைதானத்தின் எல்லைகளை வெள்ளைப் பொடியால் மட்டும் காட்டாமல், வண்ணக் கொடிகளாலும் காட்டலாம்.

நான்காவது, ஆட்கள். இருவர் இருவராக இணைந்து ஆடுதல், களத்தில் நிற்போர் எண்ணிக்கையைக் குறைத்தல், பந்து அணியில் உள்ள அனைவருடைய கைக்கும் சென்ற பிறகே கூடையில் எறியலாம் என்று விதித்தல் ஆகியவை இதில் அடங்கும்.

இந்திய மண்ணின் ஆட்டமான கோ-கோ, எல்லாரும் சேர்ந்து ஆடுவதற்கு மிகவும் ஏற்றது. துரத்தும் அணியில் எண்மர் வரிசையாக, ஒருவர் விட்டு ஒருவர் எதிர்ப்புறம் நோக்கி அமர்ந்திருப்பர். ஒன்பதாமவர் துரத்துவார். அவர் அமர்ந்திருப்பவரின் முதுகைத் தொட்டுக் 'கோ' என்று கூற, தொடப்பட்டவர் எழுந்து துரத்தத் தொடங்குவார். ஒவ்வொருவருக்கும் அமர்ந்து பார்க்கும் நேரமும் உண்டு. எழுந்து ஓடும் நேரமும் உண்டு. தொடுதலும் ஒலியும் சேர்ந்து வருவதால் தன் முறை வந்துவிட்டது என்பதை அறிவது எளிது. எப்பக்கம் ஓடவேண்டும் என்பதிலேயே குழப்பம் நேரும். அமர்ந்திருப்பவரின் முன்பக்கம் ஒரு வண்ணப் பட்டையை ஒட்டிவிட்டால் அக்குழப்பமும் பெரிதும் குறையும்.

இத்தாலியிலிருந்து பரவிய போச்சி என்னும் ஆட்டமும் இத்தகையதே. சிறிய இலக்குப் பந்து ஒன்றை முதலில் உருட்டிவிடுவர். பின்பு ஒவ்வோர் அணியும் நான்கு பெரிய பந்துகளை அதன் அருகில் நிற்குமாறு உருட்டும். எதிரணியின் பந்துகளைவிட இலக்கிற்கு அருகில் நிற்கும் பந்து ஒவ்வொன்றிற்கும் ஒரு புள்ளி. ஓட்டமும் இல்லை, மோதலும் இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவரும் ஆடலாம். நிதானமாகக் குறிபார்ப்பவருக்கே இதில் வெற்றி என்பதால், வேகமாக ஓடுபவருக்கு இங்கே தனிச்சிறப்பு ஏதுமில்லை.

சொல்லும் முறையும் பாதுகாப்பும்

விதிகள் அனைத்தையும் ஒரே மூச்சில் கூறினால் எந்தக் குழந்தைக்கும் மனத்தில் நில்லாது. சிறு சிறு தொடர்களாகக் கூறுதல் வேண்டும். சொல்வதோடு செய்தும் காட்டுதல் வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்பதைவிட, "ஒருமுறை செய்து காட்டு" என்று கேட்பது சிறந்தது. கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருத்தல் வேண்டும். அந்தச் சில நொடிகள் பொறுக்காமல் பிறர் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுவதே பல குழந்தைகள் பேசாமல் போவதற்குக் காரணம். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் ஆட்டத்தைத் தொடங்கி முடித்தால், அடுத்து நிகழ்வது யாது என்பதை அறிந்து அவர்கள் தயக்கமின்றி ஆடுவர்.

உரத்த ஊதல் ஒலி சிலருக்குப் பெருந்துன்பம் தரும். அவ்விடத்தில் கொடியசைத்தோ கையுயர்த்தியோ குறிப்புக் காட்டலாம். டவுன் நோய்க்குறி உடையவர்களுள் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். ஆகவே, குட்டிக்கரணம், தலைகீழாகப் பாய்ந்து நீரில் குதித்தல் போன்றவற்றிற்கு முன் மருத்துவரின் கருத்தைக் கேட்டறிதல் இன்றியமையாதது. வலிப்பு உடையவர் நீந்தும்போது, அவர்மீதே கண்ணாக இருக்கும் ஒரு பெரியவர் அருகில் இருத்தல் வேண்டும். ஆட்டத்திலிருந்து ஒருவரை விலக்குவதற்குப் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் எச்சரிக்கை வேறு, விலக்குதல் வேறு.

யாருக்குப் பயன்?

சேர்ந்து ஆடுவதால் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைக்கு உடற்பயிற்சி கிடைக்கிறது. தன் முறைக்காகக் காத்திருத்தல், விதிக்குக் கட்டுப்படுதல், தோல்வியைத் தாங்குதல் ஆகியவற்றை அது பழகிக்கொள்கிறது. அவை வகுப்பறையில் சொல்லிக்கொடுத்து வருபவை அல்ல. எல்லாவற்றினும் மேலாக, மைதானத்திற்கு வெளியேயும் பெயர் சொல்லி அழைக்கும் நண்பர் அதற்குக் கிடைக்கின்றனர்.

பிற குழந்தைகள் இதனால் இரக்கம் கற்றுக்கொள்கின்றனர் என்று பலர் கூறுவர். அஃது அரைகுறையான உண்மை. இரக்கத்தோடு மட்டும் ஆடுபவர், தோழனுக்காக வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பார். கோலை நோக்கி வரும் பந்தைத் தடுக்காமல் விலகி நிற்பார், பார்ப்பவர் கைதட்டுவர். ஆனால், தனக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை அக்குழந்தையும் விரைவிலேயே உணர்ந்துகொள்ளும். அதுவும் ஒப்புக்குச் சப்பாணியே. கைதட்டலோடு கூடிய ஒப்புக்குச் சப்பாணி. தெளிவாகப் பேசுதல், தோழனின் வலிமையை அறிந்து பந்தை அனுப்புதல், பொறுமையாக உத்தி வகுத்தல் ஆகியவையே இணைவீரர் கற்கவேண்டியவை. அவை நல்ல ஆட்டக்காரர் எவருக்கும் தேவையான திறன்களே.

முடிவுரை

ஆட்டம் முடிந்தபின் ஒவ்வோர் அணியும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உண்டு. அணியில் எல்லாருடைய கைக்கும் பந்து சென்றதா? ஒவ்வொருவருடைய செயலாலும் புள்ளிக்கணக்கு மாறியதா? தவறியபோது அனைவரும் ஒரே விதிப்படி ஆட்டமிழந்தனரா? நாளை ஆள் எடுக்கும்போது, இன்று கடைசியில் நின்றவன் யாரால் எப்பொழுது அழைக்கப்படுவான்?

கோ-கோ ஆட்டத்தில் முதுகில் ஒரு கை படுகிறது. 'கோ' என்னும் ஒலி கேட்கிறது. புள்ளிக்கணக்கு எழுத அனுப்பப்பட்ட அச்சிறுவன் எழுந்து ஓடுகிறான். ஒருவரைத் துரத்திப் பிடிக்கிறான். அடுத்த சுற்றில் அவனே பிடிபடுகிறான். "அவுட்!" என்று எதிரணியினர் ஒரே குரலில் கூவுகின்றனர். முகம் சுருங்க அவன் களத்தைவிட்டு வெளியேறுகிறான். ஒரு கணம் கழித்து, அடுத்த ஆட்டம் எப்பொழுது என்று கேட்கிறான்.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. முதலாவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடைபெற்ற நகரம்
அ) பெர்லின் ஆ) சிகாகோ இ) மேரிலாந்து ஈ) புதுதில்லி

2. ஒருங்கிணைந்த கூடைப்பந்தில் களத்தில் ஆடும் இணைவீரர் எண்ணிக்கை
அ) 1 ஆ) 2 இ) 3 ஈ) 5

குறுவினா

1. 'ஒப்புக்குச் சப்பாணி' என்னும் தொடர் யாரைக் குறிக்கிறது?
2. ஒருங்கிணைந்த விளையாட்டின் மூன்று வகைகள் யாவை?

சிறுவினா

1. கோ-கோ எல்லாரும் சேர்ந்து ஆடுவதற்கு ஏற்ற ஆட்டம் என்பதற்குரிய காரணங்களை எழுதுக.
2. "எச்சரிக்கை வேறு, விலக்குதல் வேறு" – சான்றுடன் விளக்குக.

நெடுவினா

தோழனுக்காக வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பது நட்பாகுமா? பாடக் கருத்துகளைக் கொண்டு உம் கருத்தை நிறுவுக.

செயல்திட்டம்

உங்கள் வட்டாரத்தில் ஆடப்படும் ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இடம், செயல், கருவி, ஆட்கள் என்னும் நான்கின் அடிப்படையில் எல்லாரும் ஆடத்தக்கதாக மாற்றி அமைத்து, வகுப்பில் ஆடிக் காட்டுக.